சுஆத் டீச்சர் கொண்டுவந்த பதில்

கதவு தட்டப்பட்டபோது சுஆத் அண்ணி முற்றத்துக் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடியும் வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். தெற்கே குவைத்தில் எண்ணெய்க் கிணறுகள் எரியத் தொடங்கிய பிறகு எங்கள் ஊரில் விழுந்த தூறல் எல்லாம் கறுப்பாகத்தான் விழுந்தது. வெள்ளைத் துணியை உலர்த்தினால் சற்று நேரத்தில் மை தெளித்தது போலாகிவிடும். அப்படியும் அண்ணி தினமும் துவைத்தாள். என் அண்ணன் ஹாதிமின் சட்டைகளையும் சேர்த்தே துவைத்தாள். அவனைப் பட்டாளத்தோடு குவைத்துக்கு அனுப்பிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சண்டை முடிந்து, தப்பித்தவர்கள் பாலைவனம் வழியாக நடந்தே ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பூட்ஸைக் கழற்ற முடியாத அளவுக்குக் கால் வீங்கியவர்கள், ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் வாங்கியதும் அழுதவர்கள். அவர்களில் ஹாதிம் இல்லை. அதனால் அந்த நாட்களில் யார் கதவைத் தட்டினாலும் எனக்கும் அண்ணிக்கும் என்னைப் பெற்ற யும்மாவுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு எண்ணம் வரும். அவன் வந்துவிட்டான். அல்லது அவனைப் பற்றிச் சொல்ல யாரோ வந்துவிட்டார்கள். தாழ்ப்பாளை நீக்குவதற்குள் நெஞ்சு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிடும்.

யும்மாதான் திறந்தாள். வாசலில் நின்றவர் கஹ்தான் மாஸ்டர். அண்ணி வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசில் எப்போதும் போலத் தொங்கியது. தோளில் இருந்த துப்பாக்கி புதிது. பின்னால் ஒரு வெள்ளைப் பிக்-அப் வண்டியில் துப்பாக்கியோடு இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர், இந்த ஊர்ல யார்கிட்டப் பேசறதுக்குப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷுன்னு இத்தனை வருஷம் உங்களைக் கேலி பண்ணிட்டேன். இன்னைக்கு வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். "கொஞ்சம் என்கூட வரணும்."

எங்கள் ஊர் நாஸிரியாவுக்குச் சற்றுத் தெற்கே, யூப்ரடீஸ் கரையில் இருந்தது. ஊரைத் தாண்டினால் பேரீச்சந் தோப்புகள், பிறகு உவர்நிலம், பிறகு நெடுஞ்சாலை. அந்த நெடுஞ்சாலையில் அமெரிக்கப் பட்டாளம் சாவடி போட்டு உட்கார்ந்திருந்தது. குவைத்தை மீட்கிறோம் என்று வந்தவர்கள் இதுவரை வந்து நின்றுவிட்டார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த மாதத்தில், ஊரெல்லாம் பேட்டரி ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்திருந்தபோது, அவர்களுடைய ஜனாதிபதி பேசியதை நாங்கள் எல்லோருமே கேட்டோம். ஈராக் மக்கள் எழுந்து அந்த ஆளைத் தாங்களே இறக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அந்த ஆள் என்பது எங்களுடைய ஜனாதிபதி. அவர் பெயரை எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குள்கூடச் சொல்வதில்லை. அமெரிக்காவே சொல்லிவிட்டது, அமெரிக்காவே பக்கத்தில் நிற்கிறது, இனி என்ன பயம் என்று ஊர் எழுந்தது. அந்த ஆளின் கட்சி அலுவலகம் எரிந்தது. போலீஸ்காரர்கள் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். சிறையிலிருந்து வந்தவர்களில் சிலருக்கு வெளிச்சத்தில் கண் திறக்க முடியவில்லை. ஊரை நடத்த ஒரு குழு அமைந்தபோது, கூட்டத்தை வரிசையில் நிறுத்தத் தெரிந்த ஒரே மனிதர் என்பதால் கஹ்தான் மாஸ்டர் அதற்குத் தலைவரானார்.

இப்போது வடக்கிலிருந்து அந்த ஆளின் படை திரும்பி வருகிறது என்று செய்தி. ஹெலிகாப்டர்கள் வருகின்றன என்றும் செய்தி. அமெரிக்கர்களிடம் பேச வேண்டும், பேச ஆள் வேண்டும். ஆண்பிள்ளைகள் கூட்டத்தோடு அண்ணியைத் தனியே அனுப்ப யும்மாவுக்கு மனமில்லை. நஹ்லாவும் கூடப் போகட்டும் என்றாள். அப்படித்தான் நானும் போனேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணி எனக்கும் டீச்சர்தான். அவள் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியும், பேச வராது.

சாவடியில் முள்கம்பிச் சுருள்கள். அதற்குப் பின்னால் மணல் நிறத்து வண்டிகள். கேப்டன் பிரூவிட் என்பவர் எங்களிடம் வந்தார். இளம் வயதுதான். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அண்ணி பேசத் தொடங்கியதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, தொலைந்துபோன குழந்தைக்குத் தன் மொழி காதில் விழுந்தாற்போல. எங்கே இங்கிலீஷ் படித்தீர்கள் என்று கேட்டார். பாஸ்ரா பல்கலைக்கழகத்தில் என்று அண்ணி சொன்னாள். கஹ்தான் மாஸ்டர் பொறுமையில்லாமல் விசிலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் கேட்கச் சொன்னது பெரிய விஷயம் இல்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. சாவடிக்கு அப்பால் ஈராக் ராணுவத்தின் ஆயுதக் கிடங்கு ஒன்று இருந்தது. அமெரிக்கர்கள் அதைப் பிடித்து, அங்கிருந்த குண்டுகளைத் தினமும் வெடிவைத்து அழித்துக்கொண்டிருந்தார்கள். வெடிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு அலமாரியில் தட்டுகள் குலுங்கும். எப்படியும் அழிக்கப்போகிறீர்கள், அதை எங்களுக்குக் கொடுங்கள்; அல்லது ஹெலிகாப்டர்களை மட்டுமாவது பறக்காமல் செய்யுங்கள். இவ்வளவுதான். கேப்டன் முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாகப் பேசினார். அண்ணி எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அவங்களுக்கு அதுக்கு உத்தரவு இல்லையாம். இது நம்ம நாட்டு உள்விவகாரமாம். அதுல தலையிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம்."

கஹ்தான் மாஸ்டர் விசிலைச் சுற்றுவதை நிறுத்தினார். "உள்விவகாரமா. ரேடியோவுல எங்களை எந்திரிங்கன்னு சொன்னப்ப அது யாரு விவகாரமா இருந்ததுன்னு கேளுங்க."

அண்ணி கேட்டாள். கேப்டன் ரேடியோப் பேச்சைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அந்த மாதம் முழுவதும் தாங்கள் பாலைவனத்தில் குழிக்குள் கிடந்ததாகச் சொன்னார். அது பொய்யாகத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. எங்கள் உயிர் தொங்கிக்கொண்டிருந்த அந்தச் சொற்களை, அவற்றைச் சொன்னவரின் பட்டாளமே கேட்டிருக்கவில்லை.

புறப்படும் முன் அண்ணி தனக்காக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஹாதிமின் முழுப்பெயரையும் அவனுடைய படைப்பிரிவையும் சொல்லி, பிடிபட்டவர்களில் அவன் இருப்பானா என்றாள். கேப்டன் உதட்டைப் பிதுக்கினார். பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில், எல்லோரும் சவூதி முகாம்களில், அவரால் அறிய முடியாது. இருக்கலாம் என்றார். அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் வந்து குடியேறியது. அதுவரை அவன் நடந்து வருகிறான் என்று மட்டுமே நினைத்திருந்தோம். இப்போது அவன் வடக்கு நோக்கி நடக்கிறவனாகவும் இருந்தான், தெற்கே கம்பிவேலிக்குள் உட்கார்ந்திருக்கிறவனாகவும் இருந்தான். அண்ணி சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்தி யோசிப்பாள். எந்த ஹாதிமைப் பற்றி யோசிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பலமுறை போனோம். ரமலான் பிறந்தது. வீட்டில் மாவு தீரும் நிலை. மின்சாரம் எப்போதோ போயிருந்தது. உலகத்து எண்ணெயில் பெரும்பங்கு நம் காலுக்குக் கீழே கிடக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். விளக்குக்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லாமல், நோன்பு திறக்கும்போது எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் பேரீச்சம்பழத்தைத் தடவி எடுத்தோம். சாவடியில் கேப்டன் ஒவ்வொரு முறையும் தண்ணீர்ப் புட்டியை நீட்டுவார். நோன்பு என்று அண்ணி சொல்வாள். அடுத்த முறையும் மறந்து நீட்டுவார், பிறகு வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொள்வார். காயம்பட்டவர்களைக் கொண்டுபோனால் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய டாக்டர்கள் நன்றாகவே பார்த்தார்கள். ஒரு கிழவருக்குக் காலை எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கட்டுப்போட ஆள் உண்டு, சுடுகிறவனைத் தடுக்க மட்டும் உத்தரவு இல்லை என்று கஹ்தான் மாஸ்டர் வண்டியில் திரும்பும்போது சொல்வார். ஒருநாள் அவரே யோசித்து ஒரு விளக்கமும் சொன்னார்.

"அவங்களுக்கு அந்த ஆள் பலவீனமா இருக்கணும் டீச்சர். ஆனா இருக்கணும். நாமளும் ஷியா, பக்கத்துல ஈரான்காரனும் ஷியா, நாம ஜெயிச்சா அவன் கை ஓங்கிடுமோன்னு பயம். நம்ம கிணறு எல்லாம் யார் கைக்குப் போகுமோன்னு பயம். நாம செத்தா அவங்களுக்கு என்ன பயம் சொல்லுங்க."

 அண்ணி சன்னல் வழியாக வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து வானத்தில் புதிதாக ஒரு புகை எழுந்திருந்தது.

ஹெலிகாப்டர் எங்கள் ஊருக்கு வந்தது ஒரு பிற்பகலில். ஆற்றுப் பாலத்தின் மேல் வட்டமிட்டுச் சுட்டது. பாலத்தில் காவலுக்கு நின்றவர்களில் ரியாத் என்ற பையனும் ஒருவன். எங்கள் தெருக்கோடி வீடு. தூரத்தில் நெடுஞ்சாலையின் மேல் அமெரிக்க விமானம் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அது பாலத்தைப் பார்த்திருக்கும். பார்த்துக்கொண்டே போனது.

ரியாத்தை அடக்கம் செய்த மறுநாள் அவன் தாய் உம்மு ரியாத் எங்கள் வீட்டுக்கு வந்தாள். யும்மா கையைப் பிடித்து உட்காரவைக்கப் போனாள். அவள் உட்காரவில்லை. நேராக அண்ணிக்கு முன்னால் போய் நின்றாள். கறுப்பு அபாயா அங்கிக்குள் அவள் இன்னும் சிறுத்துப்போயிருந்தாள்.

"நீ அவங்ககிட்ட எப்பிடிக் கேட்ட? கெஞ்சிக் கேட்டியா, இல்ல டீச்சர் மாதிரி கேட்டியா?"

"கெஞ்சித்தான் கேட்டேன் அக்கா" என்றாள் அண்ணி.

உம்மு ரியாத் அவள் முகத்தை நம்பாமல் பார்த்துவிட்டுப் போனாள். அவள் மட்டும் இல்லை. தெருவில் அண்ணி போனால் பேச்சு நிற்கத் தொடங்கியிருந்தது. ரொட்டி வாங்கும் இடத்தில் ஒரு பெண், வேறு யாரையாவது அனுப்பிப் பார்த்தால் என்ன, நாஸிரியாவில் இதைவிட நன்றாகப் பேசுகிற ஆட்கள் இருப்பார்கள் என்று அண்ணி காதுபடவே சொன்னாள். கேப்டனை ஊர் பார்த்ததில்லை. வாஷிங்டனை யாருமே பார்த்ததில்லை. மறுப்பு என்ற ஒன்று எங்கள் ஊருக்குள் அண்ணியின் வாய் வழியாக, அண்ணியின் குரலில்தான் வந்தது. ஜனங்களும் அந்தக் குரலைத்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

உம்மு ரியாத் போன பிறகு அண்ணி என்னைக் கேட்டாள், "நான் கெஞ்சினேனா நஹ்லா?"

 சாவடியில் அவள் நிமிர்ந்து நின்று, கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுதாகச் சொல்லி முடிப்பாள். என் தயக்கத்தைப் பார்த்து அவளே சொன்னாள். "பாடப்புத்தகத்துல கெஞ்சறதுக்குன்னு ஒரு பாடம் கிடையாது. கடையில எப்பிடிக் கேக்கறது, ஸ்டேஷன்ல எப்பிடிக் கேக்கறது. அதான் இருக்கு."

அடுத்த முறை அவள் கெஞ்சினாள். கம்பிச் சுருளின் இந்தப் பக்கம் நின்று, ப்ளீஸ், ப்ளீஸ் என்று தொடங்கி, வாக்கியங்கள் பாதியில் உடைந்து, அரபியும் கலந்து, பாலத்தைப் பற்றியும் ரியாத்தைப் பற்றியும் அவள் சொல்லிக்கொண்டே போனபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். தன் டீச்சர் தப்புத் தப்பாகப் பேசுவதைக் கேட்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கேப்டன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தான் மேலே எழுதிக் கேட்டதாகவும், திரும்பத் திரும்பக் கேட்டதாகவும் சொன்னார். பதில் மாறவில்லை. சிப்பாய்களில் ஒருவன் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

அதற்குச் சில நாட்களில் நாஸிரியா விழுந்துவிட்டது என்று தெரிந்தது. அங்கிருந்து ஓடிவந்தவர்கள் எங்கள் தோப்புகளில் தங்கினார்கள். டாங்கிகளில் 'இனி ஷியாக்கள் கிடையாது' என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். வீடு வீடாக ஆண்களை இறக்கிக் கொண்டுபோகிறார்கள், அமெரிக்கர்களோடு பேசியவர்கள் யார் யார் என்று கேட்கிறார்கள் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்று யும்மா அண்ணியின் பக்கம் திரும்பவே இல்லை. அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அதைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் போன அன்று கேப்டன் முதலில் வானிலையைப் பற்றிப் பேசினார். காற்று திரும்பியதால் புகை குறைந்திருக்கிறது என்றார். பிறகு வண்டியின் முன்பக்கத்தில் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்தபடி, அண்ணியைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்தி வேகமாகப் பேசினார். அவர் வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. என் காதில் சில சொற்கள் மட்டும் விழுந்தன. போகிறோம். லாரிகள். உங்கள் குடும்பம். கஹ்தான் மாஸ்டர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். கூட வந்த இருவரும் பார்த்தார்கள்.

"என்ன சொல்றாரு?"

அண்ணி வரைபடத்தைப் பார்த்தாள். காற்றில் அதன் ஓரம் படபடத்தது. கேப்டன் அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். அந்த நேரத்தில் அவள் எதையெல்லாம் நினைத்தாளோ தெரியாது. நான் நினைத்தது எனக்குத் தெரியும். சொல்லாதே அண்ணி என்று நினைத்தேன்.

"இந்த வாரமே இங்கிருந்து பின்வாங்கிப் போறாங்களாம்" என்றாள் அண்ணி, அரபியில், தன் பழைய டீச்சர் குரலில். "சாவடிக்கு வந்து சேர்றவங்களை லாரியில ஏத்தித் தெற்கே சவூதி எல்லைக்குக் கொண்டுபோவாங்களாம். நானும் என் வீட்டு ஆளுங்களும் முன்னாடியே வந்துடணுமாம். இதை இப்போதைக்கு உங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு. சொன்னா ஊரே திரண்டு வந்துடும், தன்னால சமாளிக்க முடியாதுங்கிறாரு. அவ்வளவுதான் சொன்னாரு. ஒண்ணும் விடல."

கேப்டனுக்கு அரபி தெரியாது. ஆனால் மூன்று ஆண்களின் முகமும் மாறியதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று பயந்தேன். அவர், மேடம், என்று மட்டும் ஏதோ தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

கஹ்தான் மாஸ்டர் சிரித்தார். "போறாங்களா. சரி. போறப்ப எங்க கதவைச் சாத்திட்டுப் போவாங்களான்னு கேளுங்க."

அதை அண்ணி மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும் வழியில் வண்டியின் பின்பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஏன் சொன்னாய் என்று கேட்டேன். யும்மாவை முதலில் கொண்டுபோயிருக்கலாமே என்றேன். அண்ணி தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவரு நல்ல மனுஷன்தான். என்னைக் காப்பாத்தத்தான் சொன்னாரு. அதை வாய்க்குள்ளயே வச்சிக்கிட்டு நான் உம்மு ரியாத் வீட்டைத் தாண்டி எப்பிடி நடக்கிறது?" என்றாள்.  

ஊர் அன்று மாலையே நகரத் தொடங்கியது. கழுதை வண்டிகள், டிராக்டர்கள், தலையில் மெத்தை சுமந்த பெண்கள். யாரும் அண்ணிக்கு நன்றி சொல்லவில்லை. யாருக்கும் அதற்கு நேரமில்லை. உம்மு ரியாத் மட்டும் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று, சீக்கிரம் கிளம்பு பெண்ணே, என்று சொல்லிவிட்டுப் போனாள். கஹ்தான் மாஸ்டரும் இன்னும் சிலரும் பாலத்துக்குப் போனார்கள். மக்கள் தோப்புகளைத் தாண்டும்வரை டாங்கிகளைத் தாமதப்படுத்த முடியுமா என்று பார்க்கப்போவதாகச் சொன்னார். மாஸ்டர், உங்களுக்கு ஓட்டப் பந்தயம்தானே தெரியும், என்று அண்ணி கேட்டாளாம். இன்னைக்கு நிக்கிற பந்தயம் டீச்சர் என்றாராம் அவர். அவரைப் பற்றி அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

யும்மா வர மறுத்தாள். வற்புறுத்தினோம், அழுதோம். அவள் கத்தவில்லை, அழவுமில்லை. ஹாதிம் நடந்து வந்துகொண்டிருந்தால் பூட்டிய வீட்டைப் பார்த்து எங்கே போவான் என்று மட்டும் கேட்டாள். அவன் சவூதியில் கைதியாக இருந்தால் என்று அண்ணி சொன்னாள்.

"அப்ப நீ போய் அங்க தேடு" என்றாள் யும்மா. "அங்க பேச உனக்குத்தான் பாஷை தெரியும். இங்க நீ இருந்தா உன்னைத் தேடி வருவாங்க." பிறகு என் கையை எடுத்து அண்ணியின் கையில் வைத்தாள். "இவளையும் கூட்டிட்டுப் போ. அவனுக்குக் கதவு திறக்க ஒரு ஆள் போதும்."

நான் இருந்துவிடுகிறேன் என்று சொன்னேன். சொன்னேனா, சொல்ல வாயெடுத்தேனா என்பது இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. யும்மா என் தலைத்துணியைச் சரிசெய்து, ரொட்டியைத் துணியில் முடிந்து கொடுத்து, முதுகில் கைவைத்து வெளியே தள்ளினாள். அந்தக் கையில் நல்ல பலம் இருந்தது.

யும்மாவின் குரலை அடுத்துக் கேட்கப் பல ஆண்டுகளாயின. சவூதி அகதி முகாமிலிருந்து எங்களை ஏற்றுக்கொண்ட குளிர் தேசத்தில், ஒரு தபால் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து, எங்கள் பழைய பக்கத்து வீட்டு எண்ணுக்கு எப்படியோ இணைப்புக் கிடைத்தது. அந்தக் கம்பியில் மூன்றாவது காது ஒன்று எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று இரு பக்கத்திலும் தெரியும். பெயர் எதுவும் சொல்லக் கூடாது. யும்மாவை யாரோ ஓடிப்போய் அழைத்து வந்தார்கள். மூச்சு வாங்க அவள் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் உங்ககூடத்தான இருக்காங்க?" என்பது. ஹாதிமின் பெயரைச் சொல்ல முடியாமல், எல்லாரும் என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னாள். நானும் அதையே கேட்பதற்குத்தான் வாயைத் திறந்திருந்தேன்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. ஊரை விட்ட மறுநாள் காலை சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது கம்பிச் சுருளுக்கு இந்தப் பக்கம் ஒரே தலைகளாகத் தெரிந்தன. கேப்டன் பிரூவிட் இல்லை. அவருடைய பிரிவு விடியும்போதே போய்விட்டது என்றும், தாங்கள் வேறு பிரிவு என்றும் ஒரு சிப்பாய் சொன்னான். அண்ணியை அவர்களுக்குத் தெரியாது. அவள் இங்கிலீஷ் பேசுவதைக் கேட்டதும் ஒரு சார்ஜென்ட் அவள் தோளைப் பிடித்து ஒரு பெட்டியின் மேல் ஏற்றிவிட்டான். குழந்தைகள் உள்ளவர்கள் முதலில். ஆடுகள் கூடாது. துப்பாக்கியை இங்கே போட்டுவிட வேண்டும். தள்ளாதீர்கள், எல்லோருக்கும் இடமுண்டு. அவன் சொல்லச் சொல்ல அவள் கத்திச் சொன்னாள். எல்லோருக்கும் இடமில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. வடக்கே டாங்கிச் சத்தம் தொடங்கியிருந்தது. குரல் கம்மிப்போகும்வரை அவள் அந்தப் பெட்டியின் மேல் நின்றாள். கடைசியில் சார்ஜென்ட் எங்கள் இருவரையும் ஒரு லாரியின் பின்பக்கம் தூக்கிவிட்டான். அவன் தண்ணீரை நீட்டியபோது இம்முறை அவள் வாங்கிக் குடித்தாள். பயணத்தில் நோன்பை விடலாம்.

லாரி தெற்கே ஓடியது. இருபுறமும் எரிந்த வண்டிகள். நடுப்பகலில் வானம் மறுபடி கறுத்தது. அடிவானத்தில் எரியும் கிணறுகளின் சிவப்பு தெரிந்தது. எல்லைக்குச் சற்று முன்னால் லாரிகளை ஓரமாக நிறுத்தினார்கள். எதிரிலிருந்து பேருந்துகளின் நீண்ட வரிசை ஒன்று வருவதற்கு வழிவிட வேண்டுமாம். பேருந்துகளின் முன்கண்ணாடியில் செஞ்சிலுவை ஒட்டியிருந்தது. சன்னல்களில் முகங்கள். மழித்த தலைகள், ஒரேமாதிரியான மஞ்சள் சட்டைகள். எங்கள் ஆட்கள். சவூதி முகாம்களிலிருந்து விடுவித்த கைதிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று லாரியில் யாரோ சொன்னார்கள். நாங்கள் எங்கிருந்து ஓடிவந்தோமோ அந்த இடத்துக்கு அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் சன்னலுக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

அண்ணி எழுந்தாள். லாரியின் பக்கவாட்டு இரும்புக் கம்பியைப் பிடித்து, ஒரு காலை அதன்மேல் ஊன்றி ஏறினாள். விழுந்துவிடாமல் நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஹாதிம் என்று கூப்பிட்டாள். கம்மிய குரல் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். முதல் பேருந்து போனது. இரண்டாவது பேருந்தில் ஒருவன் திரும்பிப் பார்த்தான், அவன் ஹாதிம் இல்லை. அவன் பெயரும் ஹாதிமாக இருந்திருக்கலாம். பேருந்துகள் வந்துகொண்டே இருந்தன. கண்ணாடிகளில் புழுதியும் கரியும் படிந்து முகங்கள் மங்கலாகிக்கொண்டே போயின. ஒரு சன்னலில் யாரோ உள்ளிருந்து கையால் கண்ணாடியைத் துடைக்க முயன்றுகொண்டிருந்தான். கரி வெளிப்பக்கம் இருந்தது. அவன் துடைத்துக்கொண்டே எங்களைக் கடந்து போனான். அண்ணி தலையைத் திருப்பி, அந்தக் கை அசைவதையே, பேருந்து புழுதிக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.